பச்சை லைட்டை நம்பலாமா? ஒரு அலாரம் வயரின் கதை

பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்தி, இங்க எழுத்தா தந்திருக்கோம்.

இந்த எபிசோடு ஒரு உரக்கடையில ஆரம்பிக்குது. நடுவுல அமெரிக்கா, ஸ்ரீபுரந்தான், சிவபுரம்னு ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப அதே உரக்கடையில வந்து முடியும்.

பாகூர் கொம்யூன்ல, தென்பெண்ணை ஆத்துப் பக்கம் இருக்கிற ஊர் குருவிநத்தம். ஆத்தைத் தாண்டினா கடலூர் மாவட்டம். என் மாமா அங்க உரக்கடை வச்சிருக்கார். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு கதவு, அதைத் தாண்டி ஒரு களம், களத்துக்கு அந்தப் பக்கம் மூட்டை அடுக்குற குடோன். மூணு வருஷம் முன்னாடி கடைக்கு அலாரம் போட்டார். சுவத்துல ஒரு பேனல், கதவுக்கெல்லாம் மேக்னெட் சென்சார், மாடிச் சுவர்ல ஒரு ஹூட்டர்.

ஆடி மாசத்துல ஒரு நாள் காலையில போன் வந்துச்சு. "டேய், நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இந்தப் பொட்டிக்கு என்னாச்சுன்னு வந்து பாரு."

நடந்தது இதுதான். கடைப் பையன் முந்தின நாள் ராத்திரி பின்கதவைச் சாத்த மறந்துட்டான். மாமா வழக்கம்போல பேனல்ல நம்பரை அழுத்தி அலாரத்தை ஆன் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டார். பேனல் மறுப்பு சொல்லல. பச்சை லைட், 'ரெடி'. விடியற வரைக்கும் கதவு திறந்தே கிடந்திருக்கு. நல்லவேளை, ஒரு மூட்டைகூட போகல. ஆனா மாமாவுக்குத் தூக்கம் போச்சு. அவர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "இது எத்தினி நாளா இப்பிடி இருக்கு?"

அந்தக் கேள்விக்கு பேனல்ல பதில் இல்ல. பேனலைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கல.

இந்த எபிசோடு அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். அலாரம் சத்தம் போடலைன்னா அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, திருடன் வரல. இன்னொண்ணு, வந்தாலும் அலாரத்துக்குத் தெரியாது. இந்த ரெண்டு மௌனத்தையும் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கிட்டதுதான் அலாரத்தோட 170 வருஷ வரலாறுன்னு நான் நினைக்கிறேன்.

பாதிரியார் கட்டின மணி

மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு ஆரம்பகாலக் காப்புரிமைகள்ல ஒண்ணு 1853 ஜூன் 21 அன்னிக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கினவர் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் சோமர்வில் ஊர்ல பாதிரியாரா இருந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். மின்விளக்கு வீடுகளுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. பேட்டரியும் தந்தியும் மட்டும் இருந்த காலம்.

ஐடியா ரொம்ப எளிமை. கதவு, ஜன்னல் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு உலோகத் துண்டு. கதவு மூடியிருந்தா ரெண்டும் தொடாது, மின்சாரம் ஓடாது. கதவைத் திறந்தா ரெண்டும் தொடும், சர்க்யூட் பூர்த்தியாகும், மின்காந்தம் வேலை செய்யும், சுத்தி மணியில அடிக்கும். நம்ம வீட்டு காலிங் பெல்தான் இது. விரலுக்குப் பதிலா கதவு பட்டனை அழுத்துது, அவ்வளவுதான்.

இந்த உரிமையை 1857ல எட்வின் ஹோம்ஸ்னு ஒரு வியாபாரி விலைக்கு வாங்கினார். 1859ல நியூயார்க்குக்குப் போய் அதைத் தொழிலா வளர்த்தார். மணி வீட்டுக்குள்ள மட்டும் அடிச்சா பிரயோஜனம் இல்ல, யாராவது வரணும்; அதனால பல கட்டடங்கள்ல இருந்து வயரை ஒரே ஆபீசுக்கு இழுத்து, அங்க ஆளை உட்கார வச்சு கண்காணிக்கிற முறையும் அந்தக் காலத்துல வந்துச்சு. ஹோம்ஸ் கம்பெனி இழுத்து வச்சிருந்த அலாரம் வயர் மேலயே 1877ல பாஸ்டன்ல டெலிபோன் பேசிப் பார்த்தாங்க. ஆரம்பகால டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒண்ணு அலாரம் கம்பெனியில பிறந்ததுங்கிறது தனி எபிசோடுக்கான விஷயம்.

போப்போட டிசைனுக்குத் திரும்பி வருவோம். அதுல ஒரு ஓட்டை இருக்கு. மின்சாரம் ஓடாம இருக்கிறதுதான் அங்க 'எல்லாம் நல்லாயிருக்கு'ங்கிற நிலை. சரி, பேட்டரி செத்துப்போச்சுன்னா? மின்சாரம் ஓடாது. வயரை எலி கடிச்சா? ஓடாது. திருடனே கத்தரியால வெட்டிட்டா? அப்பவும் ஓடாது. அதாவது அலாரம் செத்துப்போனாலும், அது உயிரோட நிம்மதியா இருக்கிற மாதிரியே தெரியும்.

ரயில்காரர் கண்டுபிடிச்ச பதில்

இந்த ஓட்டைக்கான பதிலைத் தெளிவா பார்க்கணும்னா அலாரத்தை விட்டுட்டு கொஞ்ச நேரம் தண்டவாளத்துக்குப் போகணும். அங்க தப்பு நடந்தா போறது நகை இல்ல, உயிர்.

வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர். ரயில் ஒரு பகுதிக்குள்ள நுழைஞ்சா சிக்னல் தானா மாறணும்னு 1870ல பென்சில்வேனியாவுல கின்சுவாங்கிற இடத்துல ஒரு அமைப்பு வச்சுப் பார்த்தார். முதல் டிசைன் போப்போட மணி மாதிரிதான். ரயில் வந்தா சர்க்யூட் மூடும், சிக்னல் மாறும். வேலையும் செஞ்சுது. ஆனா வயர் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ சிக்னல் என்ன காட்டும்? 'பாதை காலி'ன்னு காட்டும். எதிர்ல ரயில் நின்னாலும்.

ராபின்சன் டிசைனைத் தலைகீழாத் திருப்பினார். 1872ல காப்புரிமை வாங்கின அவரோட புது அமைப்புல, தண்டவாளம் வழியா எப்பவும் மின்சாரம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்த மின்சாரம் ஒரு ரிலேவைப் பிடிச்சு வச்சிருக்கும். ரிலே பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் 'காலி'. ரயில் வந்தா சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சிடும், ரிலேவுக்கு மின்சாரம் போகாது, சிக்னல் சிவப்பு. தண்டவாளம் உடைஞ்சா? சிவப்பு. பேட்டரி செத்தா? சிவப்பு. வயர் அறுந்தா? சிவப்பு. நம்ம இந்திய ரயில்வேயும் பயன்படுத்துற டிராக் சர்க்யூட்டோட அடிப்படை இதுதான்.

நாம சர்வருக்கு எழுதுற 'ஹார்ட்பீட்' நினைவுக்கு வருதா? அதேதான். 'பிரச்சினைன்னா சொல்லு'ன்னு சர்வர்கிட்ட சொல்லி வச்சா, செத்துப்போன சர்வர் எதுவுமே சொல்லாது. 'நல்லா இருந்தா சொல்லிக்கிட்டே இரு'ன்னு கேட்டாத்தான், சத்தம் நின்ன உடனே நமக்குத் தெரியும்.

அலாரத் தொழிலும் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்துச்சு. நகைக்கடைக் கண்ணாடி ஓரமா மெல்லிய உலோகப் பட்டை ஒட்டியிருக்கிறதைப் பழைய சினிமாவுல பார்த்திருப்பீங்க. அதுல எப்பவும் மின்சாரம் ஓடும். கண்ணாடி உடைஞ்சா பட்டை கிழியும், ஓட்டம் நிக்கும், மணி அடிக்கும். அப்புறம் 1936ல பெல் ஆய்வுக்கூடத்துல வால்டர் எல்வுட் ரீட் ஸ்விட்ச்சைக் கண்டுபிடிச்சார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ள ரெண்டு மெல்லிய உலோகத் தகடு. பக்கத்துல காந்தம் வந்தா ரெண்டும் ஒட்டும், விலகினா பிரியும். மாமா கடைக் கதவுல இருக்கிற மேக்னெட் சென்சார் இதுதான். குழாய் நிலையில, காந்தம் கதவுல. கதவு மூடியிருக்கிற வரைக்கும் சர்க்யூட்டும் மூடியிருக்கும்.

யாரும் கேட்காத கோயில்

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். அங்க சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில். தினசரி வழிபாடு நின்னுபோன கோயில். உள்ள ஐம்பொன் சிலைகள், வெளிய பூட்டு. வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்குக் கதவு மூடியிருக்கு, அதனால உள்ள எல்லாம் இருக்குன்னு அர்த்தம்.

2006ல அங்க இருந்து சிலைகள் திருடு போச்சு. ஊருக்குத் தெரியல. தெரிய வந்தது 2008ல, அதிகாரிகள் பாதுகாப்பு விஷயமா கோயிலைத் திறந்து பார்க்க வந்தப்பதான். அதே 2008ல ஆஸ்திரேலியாவோட தேசியக் கலைக்கூடம், நியூயார்க்குல கடை வச்சிருந்த சுபாஷ் கபூர்கிட்ட இருந்து ஒரு சோழர் கால நடராஜரை வாங்கியிருந்துச்சு. விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். அது ஸ்ரீபுரந்தான் நடராஜர்.

கபூர் 2011ல ஜெர்மனியில பிராங்பர்ட்ல பிடிபட்டார். 2012ல தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. 2022 நவம்பர்ல ஒரு சிலைக் கடத்தல் வழக்குல கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்துச்சு. நடராஜரை 2014 செப்டம்பர்ல அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து ஒப்படைச்சார்.

இந்தச் செய்தியை நிறைய பேர் திருடன்-போலீஸ் கதையா படிச்சிருப்பீங்க. எனக்கு உறுத்துறது நடுவுல கிடக்கிற அந்த ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் ஸ்ரீபுரந்தான் கோயில் போப்போட மணி மாதிரி இருந்துச்சு. சத்தம் இல்ல, அதனால எல்லாம் சரி. தினமும் விளக்கேத்த ஒருத்தர் உள்ள போற கோயில் ராபின்சனோட தண்டவாளம் மாதிரி. சாமியைக் காணோம்னா அடுத்த நாள் காலையிலேயே ஊருக்குத் தெரிஞ்சிடும். பூஜை நின்ன அன்னிக்கே அந்தக் கோயிலோட சர்க்யூட்டும் நின்னுபோச்சு.

வெட்டாம ஏமாத்துறது எப்படி?

சரி, மின்சாரம் எப்பவும் ஓடுற சர்க்யூட் வந்தாச்சு. வயரை வெட்டினா மணி அடிக்கும். அப்புறம் ஏன் மாமா கடையில பச்சை எரிஞ்சுது?

ஏன்னா வெட்டுறது மட்டும்தான் வழின்னு இல்ல. மூடின சர்க்யூட்டை ஏமாத்தணும்னா, அதை மூடியே வச்சிட்டாப் போதும். சென்சாருக்குப் போற ரெண்டு வயரையும் நடுவழியில தோலுரிச்சு ஒண்ணோட ஒண்ணை முறுக்கிவிட்டா, மின்சாரம் சென்சார் வரைக்கும் போகாமலே திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் கதவைத் திறந்தா என்ன, கழட்டி எடுத்துக்கிட்டே போனா என்ன. பேனலுக்கு 'ஓட்டம் இருக்கு, எல்லாம் சரி'. இதைத்தான் ஷார்ட்னு சொல்றோம்.

இதுக்கும் நம்ம பக்கத்துல ஒரு சிலைக் கதை இருக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்துல சிவபுரம். 1951ல அங்க ஒரு வயல்ல தோண்டும்போது நடராஜர் உட்பட சில ஐம்பொன் சிலைகள் கிடைச்சுது. கோயில்ல சேர்த்தாங்க. 1950கள்ல நடராஜரைச் செப்பனிடுறதுக்காக வெளிய அனுப்பினப்போ அதே மாதிரி ஒரு நகல் செஞ்சு, நகலைக் கோயிலுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. அசல் விக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி, 1973ல அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமன் கைக்கு 9 லட்சம் டாலர் விலையில போச்சு.

இங்க யாரும் பூட்டை உடைக்கல. சாமி இருந்த இடமும் காலியா இல்ல. பார்க்கிறவங்க கண்ணுக்கு நடராஜர் நிக்கிறார். 'ஓட்டம் இருக்கு'. கோயில்ல நிக்கிறது நகல்னு உலகத்துக்குச் சொன்னது 1965ல பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரட், சோழர் சிலைகளைப் பத்தி எழுதின தன்னோட புத்தகத்துல. ஒரு சிலையை உத்துப் பார்த்து அளவெடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் தேவைப்பட்டார். இந்திய அரசு வழக்குப் போட்டு, சமரசம் ஆகி, 1986ல அசல் நாடு திரும்புச்சு.

சிவபுரம் சொல்ற பாடம் இதுதான். 'இருக்கா, இல்லையா'ன்னு மட்டும் கேட்கிற அலாரத்தை ஒரு நகலால ஏமாத்திடலாம். 'இருக்கிறது அதேதானா'ன்னு கேட்கணும்.

ரெண்டு ரூபா ரெசிஸ்டர்

அலாரத் தொழில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்குதுன்னா, ஒரு சின்ன ரெசிஸ்டரை வச்சு. கடையில ஒண்ணு ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். வயரோட கடைசி முனையில, சென்சாருக்கு உள்ளேயே, அதை மாட்டணும். அதனாலதான் அதுக்கு எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர்னு பேரு.

இப்ப பேனல் ஓட்டம் இருக்கான்னு மட்டும் பார்க்காது, எவ்வளவுன்னு அளக்கும். 1,000 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு எடுத்துக்கோங்க. ஒண்ணு சென்சாரோட தொடரா, இன்னொண்ணு சென்சாரோட ரெண்டு முனைக்கும் குறுக்கா. கதவு மூடியிருந்தா பேனல் பார்க்கிறது 1,000 ஓம். கதவு திறந்தா 2,000. வயரை வெட்டினா முடிவிலி. வயரை ஷார்ட் பண்ணினா கிட்டத்தட்ட சைபர். ரெண்டே வயர்ல நாலு செய்தி. 'கதவு திறந்துச்சு', 'என் கையை வெட்டிட்டாங்க', 'என் வாயைப் பொத்திட்டாங்க' எல்லாத்தையும் தனித்தனியா சொல்லும்.

மாமா கடைக்குப் போனதும் நான் பண்ணின முதல் வேலை, பின்கதவைத் திறந்து வச்சிட்டு பேனலைப் பார்த்தது. பச்சை. பேனல்ல அந்த ஜோன் வயரைக் கழட்டினேன். உடனே சிவப்பு. அப்போ பேனல் நல்லாயிருக்கு. கழட்டின வயர்ல மல்டிமீட்டரை வச்சேன். கதவு திறந்திருக்கு, அதனால ஓட்டமே இருக்கக் கூடாது. மீட்டர்ல ரெண்டு மூணு ஓம்தான் காட்டுச்சு. எங்கேயோ ஷார்ட்.

வயர் போற வழியில சுவத்தைத் தடவிக்கிட்டே போனோம். பொங்கலுக்கு முன்னாடி புதுசா அடிச்ச மர ராக்குக்குப் பின்னாடி, ஒரு ஆணி வயரோட நட்டநடுவுல இறங்கியிருந்துச்சு. ரெண்டு செம்பையும் ஒண்ணாக் கோத்துப் பிடிச்சிருந்துச்சு அந்த ஆணி. மாமா கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சுது: ஆறு மாசமா.

ஆனா ஆணி பாதிக் கதைதான். ரெசிஸ்டர் இருந்திருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கணுமே? பேனல் பொட்டியைத் திறந்து பார்த்தேன். ரெசிஸ்டர் இருந்துச்சு. எல்லா ஜோனுக்கும் இருந்துச்சு. பேனலுக்குள்ள, ஸ்க்ரூ டெர்மினல்ல, வரிசையா அழகா முறுக்கி வச்சிருந்தாங்க.

அலாரம் மாட்டினவங்க, ஒவ்வொரு கதவா ஏணி போட்டு ஏறி சென்சாரைக் கழட்டி ரெசிஸ்டர் வைக்கிறதுக்குப் பதிலா, எல்லாத்தையும் பேனல்லயே வச்சிட்டுப் போயிட்டாங்க. பேனலுக்கு அளவு சரியா வரும், பச்சை எரியும், டெமோ காட்டும்போது மணியும் அடிக்கும். ஆனா அந்த ரெசிஸ்டர் பக்கத்துல இருக்கிற பேனலுக்குத்தான் சாட்சி சொல்லுது. தூரத்துல இருக்கிற வயரைப் பத்தி அதுக்கு எதுவும் தெரியாது. சிவபுரத்து நடராஜரை உரசிப் பார்க்காம, மாட்டியிருக்கிற போர்டைப் படிச்சு 'சரியா இருக்கு'ன்னு எழுதிட்டு வர்ற மாதிரி.

குடோனும் நாலு வயரும்

அன்னிக்கு முழுக்க ஏணி ஏறி எல்லா ரெசிஸ்டரையும் கதவுப் பக்கம் மாத்தினோம். முடியும்போது மாமா, "அப்பிடியே குடோனுக்கும் போட்டுடு"ன்னார்.

பேனல்ல எட்டு ஜோன்தான், எட்டும் நிரம்பியாச்சு. குடோன்ல ரெண்டு ஷட்டர், மூணு ஜன்னல், உள்ள ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி வயரை 80 மீட்டர் இழுக்கிறது வேலைக்கு ஆகாது. இதுக்குத்தான் எக்ஸ்பான்ஷன் மாட்யூல். குடோன்ல ஒரு சின்ன போர்டு. பக்கத்துல இருக்கிற சென்சார் எல்லாம் அந்த போர்டுக்கு வரும். போர்டுல இருந்து பேனலுக்கு நாலே வயர்: பிளஸ், மைனஸ், டேட்டாவுக்கு ரெண்டு.

இந்த நாலு வயருக்குள்ளதான் நம்ம வரலாற்றோட அடுத்த படி இருக்கு. பேனல் இந்த போர்டை அளந்து பார்க்கிறதில்ல, கூப்பிட்டுப் பேசுது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு எண், டிப் ஸ்விட்ச்ல வைக்கிறோம். பேனல் ஓயாம வரிசையாக் கேட்டுக்கிட்டே இருக்கும்: ஒண்ணு, இருக்கியா? ரெண்டு, இருக்கியா? ரெண்டுக்கு பதில் வரலைன்னா உடனே 'மாட்யூலைக் காணோம்'னு புகார். பல பேனல்கள்ல இந்தப் பேச்சு நடக்கிறது 1983ல வந்த ஆர்.எஸ். 485ங்கிற தரத்துல. ஏ.டி.எம். வாசல்ல நோட்டு தொங்கும், ரோந்து வர்ற போலீஸ் அதுல நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பாங்க, பார்த்திருக்கீங்களா? அந்த நோட்டுதான் இது, நொடிக்குப் பல தடவை எழுதப்படுது.

இதைச் செய்யப் போறவங்களுக்கு, நான் பட்ட மூணு அடியைச் சொல்லிடறேன்.

முதல் அடி, எண். கீபேடு பக்கம் ஏற்கெனவே ஒரு மாட்யூல் இருந்ததை நான் கவனிக்கல. புதுசையும் பெட்டியில வந்த அதே எண்ணோட மாட்டிட்டேன். பேனல் ஒரு பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பதில் சொல்றாங்க. பேனலுக்கு எதுவும் புரியல. அப்பப்ப காணோம்கிறது, அப்பப்ப வந்துட்டேன்கிறது. கரண்ட்டையும் பேட்டரியையும் நிறுத்திட்டு எண்ணை மாத்தி, திரும்ப ஆன் பண்ணி, பேனல்ல புது மாட்யூலைப் பதிவு பண்ணி, ஜோன் 9ல இருந்து பேர் கொடுத்ததும் சரியாச்சு.

ரெண்டாவது அடி, வயர் போற வழி. டேட்டா வயரை மரக்கிளை மாதிரி பிரிச்சுப் பிரிச்சு விடக்கூடாது. ஒரு மாட்யூல்ல இருந்து அடுத்ததுக்கு, அங்க இருந்து அடுத்ததுக்குன்னு பூக்கட்டுற மாதிரி ஒரே சரமாப் போகணும். ஆர்.எஸ். 485னா ரெண்டு கடைசியிலயும் 120 ஓம். இதுலயும் கடைசி முனையில ஒரு ரெசிஸ்டர் வந்து நிக்குது பாருங்க. ஆனா இங்க அது சாட்சி சொல்ல இல்ல, சிக்னல் முனையில முட்டி எதிரொலிக்காம இருக்க.

மூணாவதுதான் ஆபத்தானது. மாமா குடோன்லயும் ஒரு ஹூட்டர் வேணும்னார். நானும் அதே நாலு வயர்ல இருந்து பவர் எடுத்துக் கொடுத்துட்டேன். அலாரம் வயர் ரொம்ப மெலிசு. 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புல 80 மீட்டர் போய்த் திரும்பி வந்தா, மொத்தம் 12 ஓமுக்கு மேல. மாட்யூலும் சென்சாரும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஒண்ணேகால் வோல்ட் குறையும், சமாளிக்கலாம். ஹூட்டர் அடிச்சா கூடவே 300 மில்லி ஆம்பியர். இப்ப குறையிறது 5 வோல்ட். 12 வோல்ட் கிளம்பி 7 வோல்ட் போய்ச் சேர்ந்தா மாட்யூல் மயங்கி விழுந்துடும். அதாவது குடோன்ல சென்சார் திருடனைப் பார்க்கும், ஹூட்டர் ஒரு கத்து கத்தும், அந்தக் கத்துலயே மாட்யூல் செத்துடும். சும்மா இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கும். தேவைப்படுற அந்த நொடியில மட்டும் விழும்.

சோதிச்சுப் பார்த்ததாலதான் இது தெரிஞ்சுது. குடோன்லயே தனி பவர் சப்ளையும் ஒரு பேட்டரியும் வச்சோம். பிளஸ் வயரை மட்டும் பேனல்ல இருந்து பிரிச்சோம். மைனஸ் ரெண்டு பக்கமும் சேர்ந்தே இருக்கணும், இல்லைன்னா டேட்டா பேசாது. வழக்கமா மாட்டுற 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி, 300 மில்லி ஆம்பியர் ஓட்டத்துக்குக் கணக்குப்படி 23 மணி நேரம் வரும். நிஜத்துல அதைவிடக் குறைச்சல்தான். புயல் நேரத்துல எங்க பக்கம் கரண்ட் எத்தனை நாள் போகும்னு பாகூர்க்காரங்களுக்குத் தெரியும். அதனால அந்த எண்ணை மாமாகிட்ட ஒளிக்காம சொல்லிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போட்டோ

சிலைகள் விஷயத்துல ஒரு பாதி பாக்கி இருக்கு. பேனலுக்கு 1,000 ஓம்னா சரின்னு முன்கூட்டியே தெரியும், அதனாலதான் மாறினா கண்டுபிடிக்குது. ஒரு கோயில் சிலைக்கு அந்த 1,000 எது? அது முன்னாடி எப்படி இருந்துச்சுங்கிற பதிவு.

அந்தப் பதிவு இருக்கிற இடங்கள்ல ஒண்ணு, குருவிநத்தத்துல இருந்து பஸ்ல ஏறினா போய்ச் சேர்ற தூரத்துலதான் இருக்கு. புதுச்சேரி செயிண்ட் லூயி தெருவுல பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955ல தொடங்கினது. அடுத்த வருஷத்துல இருந்தே அதோட ஆட்கள் தென்னிந்தியக் கோயில் கோயிலாப் போய்ப் போட்டோ எடுத்துச் சேர்த்தாங்க. இன்னிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல இருக்கு. கலை வரலாறு படிக்கத்தான் எடுத்தாங்க, திருடனைப் பிடிக்க இல்ல. ஆனா ஸ்ரீபுரந்தான் நடராஜர் விஷயத்துல, கான்பெராவுல நிக்கிறதும் கோயில்ல இருந்ததும் ஒண்ணுதான்னு காட்ட உதவினது இந்தப் போட்டோக்கள்தான். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் கோயில்ல இருந்து போன அர்த்தநாரீஸ்வரர் கல் சிலை சிட்னி கலைக்கூடத்துல இருந்துச்சு. 2014ல நடராஜரோட சேர்ந்து அதுவும் திரும்பி வந்துச்சு. அதுக்கும் இங்க போட்டோ இருந்துச்சு.

கோயில்ல எல்லாம் இப்ப கேமரா, அலாரம் மாட்டுறாங்க, சிலைகளைத் திருவாரூர் மாதிரி உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்கள்ல கொண்டு போய் வைக்கிறாங்க. நல்லதுதான். ஆனா எங்க மாமா கடையிலயும் அலாரம் இருந்துச்சுங்கிறதை மறக்க வேணாம். மாட்டினதுக்கு அப்புறம் யாராவது போய்க் கதவைத் திறந்து பார்க்கிறாங்களா? சிலையைப் பழைய போட்டோவோட வச்சுப் பார்க்கிறாங்களா? கருவி வாங்கின பில்லுல அந்தப் பதில் இருக்காது.

மாமா கடைக் காலண்டர்ல இப்ப ஒவ்வொரு அமாவாசையும் வட்டம் போட்டிருக்கு. அன்னிக்கு ஒவ்வொரு கதவாத் திறந்து, பேனல்ல அந்த ஜோன் சிவப்பாகுதான்னு பார்க்கணும். ஹூட்டரை ஒரு நிமிஷம் அடிக்கவிட்டு, குடோன் மாட்யூல் உயிரோட இருக்கான்னு பார்க்கணும். கரண்ட்டை நிறுத்தி பேட்டரியில ஓட்டிப் பார்க்கணும். பதினஞ்சு நிமிஷ வேலை.

நான் கிளம்பும்போது அவர் பேனல் முன்னாடி நின்னுக்கிட்டு கேட்டார். "பச்சை எரியுதுடா. இப்ப நம்பலாமா?"

"நம்பாதீங்க மாமா. கதவைத் திறந்து பாருங்க"ன்னேன்.

திறந்தார். சிவப்பு எரிஞ்சுது. அப்புறம்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்க வீட்டுலயோ, கடையிலயோ, அப்பார்ட்மென்ட்லயோ அலாரம் இருந்தா, இந்த எபிசோடு முடிஞ்சதும் ஒரு கதவைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.